சப்-ஊஃபருக்கு கெயின் வைப்பது எப்படி?

காருக்குத் தனி ஆம்ப்ளிஃபயரும் சப்-ஊஃபரும் மாட்டுவது ஒரு மதியப் பொழுது வேலை. சென்னை ஜி.பி. ரோட்டில் ஆகட்டும், உங்கள் ஊர் கார் அக்சசரீஸ் கடையில் ஆகட்டும், ஒயர் இழுப்பதும் பாக்ஸை டிக்கியில் பொருத்துவதும் கவனமாகவே நடக்கின்றன. கடைசியில் வரும் அளவு வைக்கும் வேலைக்குத்தான் நேரம் இருப்பதில்லை. ஒரு குத்துப் பாட்டைப் போட்டு, ஸ்க்ரூடிரைவரால் கெயினைத் திருகி, பின்கண்ணாடி அதிர ஆரம்பித்ததும் வண்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தும் தும்’. பாடுபவரின் குரல் அமுங்கிப்போகிறது. ஒருநாள் சப்-ஊஃபர் கருகிய வாடையோடு நின்றும் போகிறது. பழி பொருளின் மேல் விழுகிறது.

பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது, அளவில்தான் இருக்கும். கெயின் வால்யூம் அல்ல. அதை ஒருமுறை அளந்து வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். பேஸைக் கூட்டவும் குறைக்கவும் வேறு இடங்கள் இருக்கின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், போனில் ஒரு டெஸ்ட் டோன், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

கெயின் என்ன செய்கிறது?

ஸ்டீரியோவின் பின்னால் உள்ள ஆர்.சி.ஏ. ப்ரீ-அவுட் வழியாக ஆம்ப்புக்கு ஒரு சின்ன மின்னழுத்தம் வருகிறது. சாதாரண செட்டுகளில் அது அதிகபட்சம் 2 வோல்ட். விலை கூடிய செட்டுகளில் 4 அல்லது 5 வோல்ட். ஆம்ப்பைத் தயாரிப்பவருக்கு நீங்கள் எந்த செட்டோடு அதை இணைக்கப்போகிறீர்கள் என்று தெரியாது. அதனால், வரும் அழுத்தம் எவ்வளவாக இருந்தாலும் ஆம்ப் தன் முழு சக்தியை எட்டும்படி பொருத்திக்கொள்ள ஒரு திருகு வைத்திருக்கிறார். அதுதான் கெயின். பல ஆம்ப்களில் அதன் ஒரு முனையில் 6 வோல்ட் என்றும், மறுமுனையில் 0.2 வோல்ட் என்றும் போட்டிருக்கும். 0.2 பக்கம்தான் அதிகபட்ச கெயின். 6 பக்கம் குறைந்தபட்சம். எண் குறையக் குறைய கெயின் கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

300 வாட் ஆம்ப்புக்குக் கெயினை எவ்வளவு கூட்டினாலும் அது 300 வாட் ஆம்ப்தான். சரியாக வைத்தால் ஸ்டீரியோ வால்யூம் 30-க்கு வரும்போது முழு சக்தியை எட்டும். கெயினைக் கண்டபடி ஏற்றினால் 12-லேயே எட்டிவிடும். பாட்டு சீக்கிரமே சத்தமாகக் கேட்பதால் “பவர் கூடிவிட்டது” என்று தோன்றும். கூடியது எதுவும் இல்லை. 12-க்கு மேல் நீங்கள் திருகும் ஒவ்வொரு எண்ணும் ஒலியைச் சிதைக்கிறது. கூடவே, எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி போன்ற வேண்டாத சத்தங்களையும் அதிக கெயின் பெரிதாக்கிக் காட்டும்.

தலைதட்டிய அலை

ஆம்ப் தன் எல்லையைத் தாண்டச் சொன்னால் என்ன ஆகும்? படியில் குவித்த அரிசியைக் கையால் வழித்தால் மேல்பக்கம் தட்டையாவதுபோல, ஒலி அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். வளைந்து ஏறி வளைந்து இறங்க வேண்டிய அலை, கிட்டத்தட்ட சதுரமாக மாறுகிறது.

இதில் இரண்டு கேடுகள். ஒன்று, இசையில் இல்லாத மேல் அதிர்வெண்கள் முளைக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் டோன் தட்டையானால் 150, 250 ஹெர்ட்ஸில் புதிய ஒலிகள் சேரும். சுத்தமான ‘ம்ம்ம்’ என்பது ‘ர்ர்ர்’ கலந்த கரகரப்பாக மாறுவது அதனால்தான். இரண்டாவது, வெப்பம். ஒரே உச்சம் கொண்ட சதுர அலை, சைன் அலையைவிட இரண்டு மடங்கு சக்தியைத் தரும். 300 வாட் ஆம்ப் முழுதாகக் கிளிப் ஆனால் சப்-ஊஃபரின் காயிலுக்கு ஏறக்குறைய 600 வாட் போகிறது.

ஒலிபெருக்கிக்குப் போகும் மின்சக்தியில் ஒலியாக மாறுவது சுமார் 1 சதவீதம்தான். மீதி எல்லாம் வெப்பம். அந்த வெப்பம் முழுக்க வாய்ஸ் காயில் என்ற மெல்லிய கம்பிச் சுருளில் இறங்குகிறது. கோன் முன்னும் பின்னும் ஆடும்போது உண்டாகும் காற்றோட்டம் காயிலைக் குளிர்விக்க உதவுகிறது. கிளிப் ஆகும்போது கூடுதலாக வரும் வெப்பத்துக்கு அது ஈடுகொடுக்காது. கம்பியின் மேலுள்ள பூச்சும் பசையும் வேகத் தொடங்கும். பாக்ஸின் அருகே மூக்கை வைத்தால் மோட்டார் புகைவதுபோல ஒரு காரமான வாடை வரும். அந்த வாடை வந்தால் உடனே வால்யூமைக் குறைத்துவிடுங்கள். அது காயில் தரும் கடைசி எச்சரிக்கையாக இருக்கலாம்.

அட்டையில் போட்ட வாட்டும் உண்மையான வாட்டும்

கெயின் வைக்க ஓர் எண் வேண்டும்: உங்கள் ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘மேக்ஸ்’ வாட் இந்தக் கணக்குக்கு உதவாது. கையேட்டில் “4 ஓமில் இத்தனை வாட் ஆர்.எம்.எஸ்.” என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்.

அதிலும் சந்தேகம் இருந்தால் ஆம்ப்பின் ஃபியூஸ் உண்மையைச் சொல்லும். 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 வோல்ட் இருக்கும். 30 × 13.8 = 414 வாட். இது ஆம்ப் உள்ளே இழுக்கக்கூடிய அளவு. கிளாஸ் டி ஆம்ப் அதில் சுமார் 80 சதவீதத்தை வெளியே தரும். அதாவது 330 வாட் அளவு. பழைய கிளாஸ் ஏபி வகை என்றால் 60 சதவீதம், சுமார் 250 வாட். அந்த ஆம்ப்பின் அட்டையில் 1500 வாட் என்று இருந்தால் அதை நம்பிக் கெயின் வைக்கக் கூடாது.

அடுத்து, சப்-ஊஃபரின் ஓம். ஒற்றை காயில் என்றால் 4 ஓம் அல்லது 2 ஓம் என்று முதுகிலேயே எழுதியிருக்கும். இரட்டை காயிலில் இணைக்கும் விதத்தைப் பொறுத்து மாறும்: இரண்டு 4 ஓம் காயில்களைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸில் இணைத்தால் 8 ஓம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். 4 ஓம் காயில் 3.4 என்று காட்டினால் அது இயல்புதான். கணக்குக்கு 4 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு

ஹேட்ச்பேக் கார்களில் அதிகம் பார்க்கும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். டிக்கியில் மூடிய பாக்ஸில் 10 இஞ்ச் சப்-ஊஃபர், 4 ஓம், 250 வாட் ஆர்.எம்.எஸ். அதற்கு 4 ஓமில் 300 வாட் தரும் மோனோ ஆம்ப். இரண்டில் எது குறைவோ அதுதான் நம் இலக்கு. இங்கே 250 வாட்.

சூத்திரம் இதுதான்: வாட்டையும் ஓமையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுங்கள். அதுவே ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் வர வேண்டிய ஏ.சி. வோல்ட்.

250 × 4 = 1000. அதன் வர்க்கமூலம் 31.6 வோல்ட்.

வேறு சில அமைப்புகளுக்கும் போட்டுப் பார்ப்போம். 300 வாட், 4 ஓம்: 34.6 வோல்ட். 500 வாட், 2 ஓம்: 31.6 வோல்ட். 500 வாட், 1 ஓம்: 22.4 வோல்ட். ஓம் குறைந்தால் வோல்டும் குறைவதைக் கவனியுங்கள். சப்-ஊஃபரை மாற்றினாலோ இணைப்பை மாற்றினாலோ பழைய கெயின் செல்லாது என்பதற்கு இதுதான் காரணம்.

மீட்டர் வைத்துக் கெயின் வைக்கும் முறை

திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள். புகை உயிருக்கே ஆபத்து. எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அளவில்தான் நிற்கும். நிஜமாக ஓட்டும்போது இருக்கும் மின்னழுத்தத்தில் அளப்பதே முறை.

1. ஆம்ப்பிலிருந்து சப்-ஊஃபர் ஒயர்களைக் கழற்றுங்கள். அளக்கும்போது டோன் முழு வேகத்தில் வரும்; சப்-ஊஃபர் இணைந்திருந்தால் அதற்கும் காதுக்கும் கேடு.

2. ஸ்டீரியோவில் ஈக்வலைசரை ‘ஃப்ளாட்’ ஆக்குங்கள். பேஸ், ட்ரெபிள் பூஜ்யம். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப். பேலன்ஸும் ஃபேடரும் நடுவில். சப்-ஊஃபர் லெவல் பூஜ்யம். போனிலும் பாட்டு ஆப்பிலும் உள்ள ஈக்வலைசர், சரவுண்ட் எஃபெக்ட் போன்றவற்றை அணையுங்கள்.

3. ஆம்ப்பில் கெயினைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்புங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம். லோ-பாஸ் ஃபில்டரை மேல் எல்லைக்குத் தள்ளிவையுங்கள். சப்சானிக் ஃபில்டர் இருந்தால் கீழ் எல்லை. டேஷ்போர்டில் தனி பேஸ் குமிழ் மாட்டியிருந்தால் அதை முழுதாக ஏற்றிவிடுங்கள். பின்னால் யார் அதைத் திருகினாலும் ஒலி குறையத்தான் முடியும், எல்லையைத் தாண்டாது.

4. 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபெல் சைன் டோனை ஓடவிடுங்கள். டோனை யூ.எஸ்.பி.யில் போட்டு நேரடியாக ஸ்டீரியோவில் ஓட்டுவது நல்லது. போனிலிருந்து ஓட்டினால் போனின் வால்யூமை முழுதாக வையுங்கள். வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் விலை குறைந்த மல்டிமீட்டர்கூட இந்த அதிர்வெண்ணைச் சரியாகக் காட்டும்.

5. ஸ்டீரியோ வால்யூமை அதன் எல்லையில் முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். 40 வரை போகும் செட் என்றால் 30. பல செட்டுகள் கடைசிச் சில எண்களில் தாங்களே அலையைத் தட்டையாக்கிவிடும். அங்கிருந்து சிதைந்து வரும் ஒலியை ஆம்ப்பால் திருத்த முடியாது.

6. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்து, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் இரண்டு கம்பிகளையும் தொடுங்கள். கம்பிகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரசினால் ஆம்ப் ஷார்ட் ஆகும். இப்போது கெயினை மயிரிழையாகத் திருகுங்கள். மீட்டர் 8, 14, 22 என்று ஏறும். 25-ஐத் தாண்டியதும் இன்னும் மெதுவாகத் திருகுங்கள். 31.6 வந்ததும் நிறுத்துங்கள். 30-லேயே நிறுத்தினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. சப்-ஊஃபருக்கோ கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

7. வால்யூமைக் குறைத்து, எல்லாவற்றையும் அணைத்து, ஒயரை மாட்டுங்கள். கெயின் திருகின் இடத்தில் ஒரு சிறிய பெயின்ட் புள்ளி வையுங்கள். இனி அதைத் தொட வேண்டியதில்லை.

அந்த முக்கால் பங்கு வால்யூம்தான் இனி உங்கள் எல்லை. வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. மீட்டர் வோல்டை மட்டும் காட்டும், அலையின் வடிவத்தைக் காட்டாது. ஆம்ப் சொன்ன வாட்டை உண்மையில் தராத ரகம் என்றால், கணக்கிட்ட வோல்டுக்கு வரும் முன்னரே அலை தட்டையாகியிருக்கலாம். ஆசிலோஸ்கோப் உள்ள கடையில் வைத்தால் அலை தட்டையாகத் தொடங்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இல்லாவிட்டால் ஃபியூஸ் கணக்கில் வந்த வாட்டுக்கே கெயின் வையுங்கள்.

டெஸ்ட் டோனை −5 டெசிபெலில் ஓட்டச் சிலர் சொல்வார்கள். பழைய பதிவுகள் மெல்லிய அளவில் இருப்பதால் அவற்றுக்கு இது கொஞ்சம் கூடுதல் பேஸ் தரும். ஆனால் இன்றைய திரைப்பாடல்கள் உச்ச அளவை ஒட்டியே பதிவாகின்றன. −5 டெசிபெலில் 31.6 வோல்ட் வைத்தால், உச்சத்தில் ஆம்ப்பிடம் 56 வோல்ட் கேட்கும். 4 ஓமில் 300 வாட் ஆம்ப்பின் எல்லையோ 34.6 வோல்ட். 0 டெசிபெலில் வைப்பதே எல்லா வகைப் பாட்டுக்கும் பத்திரம்.

மீட்டர் கிடைக்கவே இல்லை என்றால் காதால் வைக்கலாம். ஸ்டீரியோவை முக்கால் பங்கில் வைத்து, பேஸ் தெளிவாக உள்ள பாட்டை ஓட்டி, கெயினை மெதுவாக ஏற்றுங்கள். அடியின் தெளிவு போய் கரகரக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நன்றாகவே பின்வாங்குங்கள். தாழ்ந்த ஒலியில் சிதைவைக் காது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும்.

ஃபில்டர்கள்: யாருக்கு எந்த வேலை

கெயின் முடிந்ததும் ஃபில்டர்களுக்கு வருவோம். சப்-ஊஃபரும் கதவு ஸ்பீக்கரும் ஒரே ஒலியை இரண்டு பக்கமும் வாசித்தால் பாட்டு கலங்கிவிடும். எல்லை பிரித்துக் கொடுப்பதே ஃபில்டரின் வேலை.

ஆம்ப்பின் லோ-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்கு மேலுள்ள ஒலி படிப்படியாகக் குறையும். சரிவு ஆக்டேவுக்கு 24 டெசிபெல் என்றால் 160 ஹெர்ட்ஸ் ஒலி 24 டெசிபெல் அடங்கிவிடும். 80-ஐச் சுற்றி வைப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. எல்லையை 120, 150 என்று ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதியும் சப்-ஊஃபருக்குப் போய், பாடுபவர் டிக்கியில் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கும்.

கதவு ஸ்பீக்கர்களுக்கு ஸ்டீரியோவில் ஹை-பாஸ் 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் தாழ்ந்த பேஸோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தினால், குரலும் வயலினும் அந்த நொடியே தெளிவாவதைக் கேட்கலாம்.

காற்றுத்துளை உள்ள பாக்ஸ் என்றால் சப்சானிக் ஃபில்டர் கட்டாயம். அந்தப் பாக்ஸ் ஓர் அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்யப்பட்டிருக்கும். அதற்குக் கீழே காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது. கோன் கட்டுக்கடங்காமல் துள்ளி அடிபடும். பாக்ஸ் 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகியிருந்தால் சப்சானிக்கை 30 அருகே வையுங்கள். மூடிய பாக்ஸில் உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்போல் கோனைத் தாங்குவதால் அவ்வளவு கவலை இல்லை.

ஃபேஸ் சுவிட்சைக் காதால் முடிவு செய்யலாம். ஓட்டுநர் சீட்டில் நீங்கள் உட்கார்ந்து, கதவு ஸ்பீக்கர்களும் சேர்ந்து பாட, 80 ஹெர்ட்ஸ் டோனை மிதமான வால்யூமில் ஓட்டுங்கள். வேறொருவர் 0-க்கும் 180-க்கும் மாற்றட்டும். எதில் ஒலி கனமாகக் கேட்கிறதோ அதை வையுங்கள். ஒலி மெலிந்த நிலையில் சப்-ஊஃபரும் கதவு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

ஈக்வலைசர்: முதலில் குறையுங்கள்

ஈக்வலைசரில் கை வைக்கும் முன் ஒரு கணக்கை மனதில் பதியுங்கள். ஒரு பட்டையை 3 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். 6 என்றால் நான்கு மடங்கு. ஆம்ப்பின் பேஸ் பூஸ்ட் குமிழை 12 டெசிபெலுக்குத் திருகினால் ஏறக்குறைய பதினாறு மடங்கு. நம் 250 வாட் அமைப்பிடம் அப்போது 4000 வாட் கேட்கிறோம். நீங்கள் அளந்து வைத்த கெயினை அந்த ஒரு திருகல் வீணாக்கிவிடும். பல ஆம்ப்களில் இந்த பூஸ்ட் 45 ஹெர்ட்ஸைச் சுற்றி இருக்கும். அதைப் பூஜ்யத்திலேயே விடுங்கள்.

காருக்குள் அதற்குத் தேவையும் குறைவு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். காரின் உட்புறம் 3 மீட்டர் என்றால், அது அந்த அலையில் சரிபாதி. அதற்குக் கீழே உள்ள அலைகள் காருக்குள் விரிய இடமில்லாமல், உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் ஒன்றாக அழுத்தித் தளர்த்துகின்றன. அதனால் அதிர்வெண் இறங்க இறங்க ஒலியின் அழுத்தம் தானாகவே கூடுகிறது. வீட்டு ஹாலில் மெலிந்து கேட்கும் 35 ஹெர்ட்ஸ், அதே சப்-ஊஃபரில் காருக்குள் கனமாகக் கேட்பது இதனால்தான். வீட்டு ஸ்பீக்கருக்கு வைக்கும் ‘பேஸ் தூக்கிய’ ஈக்வலைசரை அப்படியே காருக்குக் கொண்டுவந்தால் இரட்டிப்பாகிவிடும்.

முறை இது. கண்ணாடிகளை ஏற்றி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் வால்யூமில் 30, 40, 50, 63, 80, 100 ஹெர்ட்ஸ் டோன்களை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். தாழ்ந்த ஒலிக்குக் காதின் கூர்மை குறைவு. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய உண்மை இது. ஆகவே 30 ஹெர்ட்ஸ் 80-ஐவிட மெல்லியதாகக் கேட்டால் அது குறை அல்ல. பக்கத்துப் பக்கத்து டோன்களுக்கு நடுவே ஏதாவது ஒன்று திடீரென்று எகிறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். 50-ல் சீட்டே அதிர்கிறது, 40-லும் 63-லும் அப்படி இல்லை என்றால், 50 ஹெர்ட்ஸ் பட்டையை 3 டெசிபெல் இறக்குங்கள். போதாவிட்டால் இன்னும் 2.

ஓர் அதிர்வெண் மட்டும் காணாமல் போனதுபோல் இருந்தால் அதை ஏற்றி நிரப்ப முயலாதீர்கள். அலைகள் ஒன்றையொன்று ரத்து செய்யும் இடம் அது. எவ்வளவு ஏற்றினாலும் ரத்தாவதும் சேர்ந்தே ஏறும். ஃபேஸ் சுவிட்சை மாற்றுங்கள், பாக்ஸ் பார்க்கும் திசையைத் திருப்பிப் பாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் தீர்வு இருக்கும். போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப்கள் முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். ஆனால் பல போன்களின் மைக் தாழ்ந்த பேஸைச் சரியாகப் பிடிக்காது. அது காட்டும் பள்ளத்தைப் பார்த்து 30 ஹெர்ட்ஸை ஏற்றிவிடாதீர்கள்.

டோன்களுக்குப் பிறகு பாட்டுகளால் சோதியுங்கள். மூன்று வகை போதும். இளையராஜாவின் 1980-களின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடந்து போகும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். அது படியேறி இறங்கும்போது எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் வீங்கினால் அந்தப் பட்டையை இன்னும் இறக்குங்கள். இரண்டாவது, ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரி. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கி வளைந்து எழுவது தெரிய வேண்டும். பாடகரின் குரல் தடிக்கக் கூடாது. தடித்தால் லோ-பாஸை 80-லிருந்து 70-க்கு இறக்குங்கள். மூன்றாவது, உறுமியும் பறையும் நெருங்கி ஒலிக்கும் இன்றைய பாட்டு. அடுத்தடுத்த அடிகள் தனித்தனியாக விழ வேண்டும். ஒன்றின் வால் அடுத்ததன் மேல் ஏறினால் சப்-ஊஃபர் லெவலை ஸ்டீரியோவில் இரண்டு மூன்று படி குறையுங்கள்.

கடைசிச் சோதனை சாலையில். டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலி; அது பேஸை மூடிவிடும். நின்ற வண்டியில் சரியாக இருந்தது நெடுஞ்சாலையில் மெலிந்து கேட்கும். அதற்குத்தான் ஸ்டீரியோவின் சப்-ஊஃபர் லெவலும் டேஷ்போர்டு குமிழும். லெவலை இரண்டு படிக்கு மேல் ஏற்றும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், கெயின் வைக்கும்போதே அந்த லெவலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஓட்டும்போது நீங்கள் திருகாமல் பக்கத்தில் இருப்பவரைத் திருகச் சொல்லுங்கள்.

பிறகும் சரியில்லை என்றால்

அடிக்கு அடி கடகடவென்று கேட்டால் முதலில் நம்பர் பிளேட்டையும் டிக்கித் தட்டையும் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் ஃபோம் டேப் ஒட்டுங்கள். எஞ்சின் வேகத்தோடு கீச்சொலி ஏறினால் எர்த் ஒயரைப் பாருங்கள்: பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில், அரை மீட்டருக்குள், இறுக்கமாக இருக்க வேண்டும். பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் ஆம்ப் கேட்கும் கரெண்ட் வரவில்லை. பவர் ஒயரின் தடிமனையும் பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் கெயினைத் திருகுவது மருந்தல்ல.

ஸ்டீரியோ மாறினால், சப்-ஊஃபரோ அதன் இணைப்போ மாறினால், ஈக்வலைசரில் ஏதாவது பட்டையை ஏற்றினால், கெயினை மறுபடியும் அளக்க வேண்டும். வேறெப்போதும் தேவையில்லை. வைத்த வோல்ட், வால்யூம் எல்லை, லோ-பாஸ், சப்சானிக் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆம்ப்பின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

புதிதாக மாட்டப்போகிறீர்கள் என்றால் காசு கொடுக்கும் முன்பே கடையில் கேளுங்கள்: “அண்ணே, கெயினை மீட்டர் வச்சு செட் பண்ணிக் கொடுப்பீங்களா? எத்தனை வோல்ட்டுன்னு எனக்குக் காட்டுங்க.” தொழில் தெரிந்தவர் இதைக் கேட்டு மகிழ்வார், கூடவே உட்கார்ந்து கணக்கும் போட்டுத் தருவார். தயங்குகிறார் என்றால் ஒயரை மட்டும் அங்கே மாட்டிக்கொண்டு, அளவை நீங்களே வையுங்கள். செலவழித்த பணத்துக்கு முழுப் பலன் தருவது இந்த அரை மணி நேரம்தான்.